கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டவர்களுக்கு

அன்புள்ள ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். மருந்தாளுநர் படிப்பு படித்தவன், டாக்டர் இல்லை. மாதம் பிறந்து சம்பளமோ பென்ஷனோ கைக்கு வந்ததும் நீங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். சுகர் மாத்திரை முப்பது, பிரஷர் மாத்திரை முப்பது என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது மட்டும் வேண்டாம் தம்பி, நிறுத்திட்டேன்" என்கிறீர்கள். அந்த வரியில் இருப்பது அட்டோர்வாஸ்டாட்டின், இல்லையென்றால் ரோசுவாஸ்டாட்டின். நம் ஊர்ப் பேச்சில் கொழுப்பு மாத்திரை.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான். பின்னால் நான்கு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கைக்குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு அவசரப்படுவார். அந்த நேரத்தில் உங்களை நிறுத்திவைத்துப் பேச வாய்ப்பில்லை. அதனால்தான் இந்த மடல். சொந்த முடிவில் அந்த மாத்திரையை விட்டுவிட்ட எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் மீது கோபம் இல்லை. நீங்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. அதனால்தான் அவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் அதிகம் கேட்கும் காரணம், "நார்மல் ஆயிடுச்சு" என்பது. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். முதலாவதில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 168. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த இரண்டாவதில் 94. "பாருங்க, சரியாப் போச்சு. இனி எதுக்கு?" என்றார். அடுத்த வருடம் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது மூன்றாவது ரிப்போர்ட் வந்தது: 161. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, எடையும் கூடவில்லை என்று அவர் வியந்தார். அதில் வியக்க எதுவும் இல்லை. 94 என்பது மாத்திரை சாப்பிடும் உடம்பின் எண். 161தான் மாத்திரை இல்லாத அவருடைய உடம்பின் எண்.

காய்ச்சல் மாத்திரை சாப்பிடுகிறோம், காய்ச்சல் போகிறது, நிறுத்துகிறோம். கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள், அதோடு முடிந்தது. அந்தப் பழக்கத்தை வைத்தே இதையும் கணக்குப் போடுகிறோம். இந்த ஸ்டாட்டின் வகை மருந்து வேலை செய்யும் விதம் வேறு. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து நேராக வருவதில்லை. உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் முக்கியப் பங்கு கல்லீரலுக்கு. ஒவ்வொரு செல்லின் சுவருக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டிக்கும் அது தேவை. எனவே கொலஸ்ட்ரால் என்ற பொருளே விஷம் என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் அதைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்கள் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதில் ஒரு முக்கியமான படியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும், கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கி, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் தடை நீங்கிவிடும். சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வேலை செய்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் பல மடங்கு ஏறி, சிறு வயதிலேயே மாரடைப்பு வந்த பிள்ளைகளை ஆராயப் போய்த்தான் அதைக் கண்டார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைக் கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. பென்சிலினைத் தந்தது பூஞ்சை என்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளும் ஏதோ ஒரு பூஞ்சையில் இருக்கலாம் என்று நம்பி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். கியோட்டோ நகரத் தானியக் கடையிலிருந்து வந்த அரிசியில் வளர்ந்திருந்த ஒரு நீலப் பூஞ்சையில் 1973-இல் அது கிடைத்தது. அந்த வழியில் வந்த முதல் மருந்து 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எண்டோ 2024-இல், தொண்ணூறு வயதில் காலமானார். "கம்பெனிக்காரன் விற்பனைக்காகக் கிளப்பிவிட்டது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து எண்ணைக் குறைக்கிறது, சரி. உயிரைக் காப்பாற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை ஸ்காண்டிநேவிய நாடுகளில் சேர்த்து, பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். முடிவு 1994-இல் வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். அதற்குப் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்டிஎல் சுமார் 39 குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று தெரிந்தது.

இனி ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் நான் பார்க்கும் குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. லேப் தாளைக் கையில் வாங்கியதும் நம் கண் முதல் வரிக்குத்தான் போகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 188. பக்கத்தில் '200-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருக்கிறது. நிம்மதியாக மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். அதே தாளில் கீழே இருப்பதையும் படியுங்கள். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 34. டிரைகிளிசரைடு 210. எல்டிஎல்லைப் பெரும்பாலான லேப்கள் கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 188-இலிருந்து 34-உம் 42-உம் போனால் 112. இன்னொரு சின்னக் கழித்தலை நீங்களே பேனாவால் போடலாம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள், 154 வருகிறது. இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொழுப்புத் துகள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் எண் இது. டிரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அந்த 112 நல்லதா கெட்டதா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் நம் நாட்டுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அபாயம் குறைவாக உள்ளவர்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சுகரோ பிரஷரோ இருந்து அபாயம் கூடியவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் அச்சிடும் 'நார்மல்' கட்டம் எல்லோருக்கும் பொதுவானது. உங்களுக்கு சுகர் இருப்பதோ, போன வருடம் ஸ்டென்ட் வைத்ததோ அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, எல்டிஎல் 112-ஐக் காட்டி "நார்மல்" என்று சொல்லும் ஐயாவுக்கு அது நார்மல் இல்லை. டாக்டர் மூன்றாவது வரியை எழுதியது அதனால்தான்.

நம் ஊரில் இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு தனி முகம் உண்டு. எல்டிஎல் பார்வைக்குச் சுமாராக இருக்கும். எச்டிஎல் குறைந்து டிரைகிளிசரைடு ஏறியிருக்கும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைடு என்ற நாலு எண்களில் ஏதாவது ஒன்றாவது பிசகியிருந்தவர்கள் 81 சதவீதம். மூன்று வேளையும் வெள்ளை அரிசி, நடை குறைவு, இடுப்பைச் சுற்றிச் சதை என்று வாழும் நமக்கு இது புதுச் செய்தி இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் கண்டார்கள். ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்காத வயது அது.

அடுத்து நான் கேட்பது: "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே." இருக்காது. எல்டிஎல் 190 இருந்தாலும் தலை சுற்றாது, மூச்சு வாங்காது. 1950-களில் கொரியப் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயத்தை மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவு தொடங்கியிருந்தது. ஓடவும் சுமக்கவும் தகுதியானவர்கள் என்று தேர்வு செய்யப்பட்ட இளைஞர்கள் அவர்கள். படிவு நாற்பது வயதுக்குப் பிறகு திடீரென்று வருவதில்லை. இளமையில் தொடங்கி, சத்தமில்லாமல், வருடக் கணக்கில் சேர்கிறது. மாரடைப்பும் எப்போதும் பெரிய அடைப்பால்தான் வரும் என்றில்லை. பாதிகூட அடைக்காத படிவு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை முழுக்க மூடிவிடும். முந்தின மாதம் டிரெட்மில்லில் நன்றாக ஓடியவருக்கு மாரடைப்பு வந்தது என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு. ஸ்டாட்டின் எல்டிஎல்லைக் குறைப்பதோடு இந்தப் படிவுகளை எளிதில் வெடிக்காதபடி உறுதிப்படுத்தவும் செய்கிறது.

எத்தனை வருடம் எல்டிஎல் குறைவாக இருந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, நான் படித்தவற்றில் மறக்க முடியாத ஒரு தகவல் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்டிஎல் பிறவியிலேயே குறைவு. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே இப்படிப்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அதே அளவுக் குறைவை ஐம்பது வயதுக்கு மேல் மாத்திரையால் ஐந்து வருடம் கொண்டுவந்தால் கிடைக்கும் பலன் இதில் ஒரு பகுதிதான். ஆகவே இரண்டு மாதம் சாப்பிட்டு நான்கு மாதம் விடுகிறவர்கள், ரிப்போர்ட் எடுப்பதற்கு முந்தின மாதம் மட்டும் வாங்குகிறவர்கள், லேப் தாளில் அழகான எண்ணைப் பெறலாம். இதயத்துக்கு அந்த வருடங்கள் கிடைப்பதில்லை.

இப்போது பக்கவிளைவு. "கால் குடையுது", "தோள்பட்டை இழுக்குது", "ஈரல் கெட்டுப்போகுமாம்", "வீடியோவில் ஒரு டாக்டரே சொன்னார்". இதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஸ்டாட்டினால் தசைவலி வருவது உண்டு. மிக அரிதாக, பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், தசை கடுமையாகச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாங்க முடியாத உடம்புவலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகர் எல்லையில் இருப்பவர்களுக்கு அது சற்று ஏறவும் வாய்ப்புண்டு. 255 பேர் நான்கு வருடம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரலாம் என்று ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதே காலத்தில் தடுக்கப்படும் இதயப் பாதிப்புகள் அதைவிடப் பல மடங்கு. கர்ப்பமாக இருக்கும் பெண்களும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடரவே கூடாது. சில ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சைக்கான மாத்திரைகளும் இதோடு சேரக்கூடாதவை. அதனால்தான் வேறு டாக்டரின் சீட்டோடு வரும்போது "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஆனால் வலி எல்லாமே மாத்திரையால் வருவதா? லண்டனில் இம்பீரியல் கல்லூரியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்து, ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாத்திரை உள்ள புட்டிகளில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கைப்பேசியில் மதிப்பெண் பதிய வேண்டும். 2020-இல் முடிவு வந்தது. ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பட்ட வலி பொய்யில்லை, உண்மையான வலிதான். அதில் பெரும்பகுதி மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற அச்சத்திலிருந்து வந்தது. தங்கள் பதிவுகளைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள்.

அச்சம் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சம்பவம் உண்டு. 2013-இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியின் அறிவியல் நிகழ்ச்சி ஒன்று ஸ்டாட்டின்களைக் குறைகூறி இரண்டு பகுதிகள் ஒளிபரப்பியது. அதைத் தொடர்ந்த மாதங்களில் சுமார் அறுபதாயிரம் பேர் மருந்தை விட்டிருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உள்விசாரணைக்குப் பிறகு அந்த நிலையமே நிகழ்ச்சிகளை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் கைப்பேசிக்கு வரும் வீடியோக்களை யாரும் விசாரிப்பதில்லை, யாரும் எடுப்பதுமில்லை.

உண்மையிலேயே கால் குடைகிறது என்றால் செய்ய வேண்டியது உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் சிகே என்ற பரிசோதனை செய்வார். தைராய்டையும் பார்க்கச் சொல்வார். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும், தசைவலியும் வரும். இரண்டுக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் எசெடிமைப் மாத்திரையைச் சேர்க்கலாம். அதுவும் போதாதவர்களுக்கு ஊசி மருந்துகளே வந்துவிட்டன. "ராத்திரி மறந்துபோகுது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் இரவில்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலையில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "செக்கு எண்ணெய்க்கு மாறிட்டேன், இனி மாத்திரை எதுக்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் ஓர் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பின் பங்கு மாறுவதில்லை. அது தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு அருகில். நெய்யில் 60-க்கு மேல். ரேஷனில் வாங்கும் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் 20-க்குள். நல்லெண்ணெயில் 15 அளவு. எல்டிஎல்லை ஏற்றுவது இந்த நிறைவுற்ற கொழுப்பும், வனஸ்பதியிலும் அதில் செய்த பேக்கரித் தின்பண்டங்களிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பும்தான். டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதலாக ஊற்றாதீர்கள். தாவரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. அந்த அச்சு உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. முட்டையைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் உண்டு, சுமார் 200 மில்லிகிராம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ரத்தத்தில் ஏற்றும் அளவு குறைவு. முட்டையை ஒதுக்கிவிட்டு மாலையில் பஜ்ஜியும் பப்ஸும் சாப்பிடுவது தலைகீழான சிக்கனம்.

சுண்டல், பாசிப்பயறு, அவரை, வெண்டைக்காய், கீரை, பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, தினமும் வியர்க்க அரைமணி நடை, சோற்றில் ஒரு கரண்டி குறைத்தல், பீடி சிகரெட்டை அடியோடு விடுதல் எல்லாம் தேவை. இவற்றால் டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். எல்டிஎல்லும் கொஞ்சம் இறங்கும். நல்ல கட்டுப்பாட்டோடு இருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் வரலாம். அபாயம் குறைவாக உள்ள இளையவர்களுக்கு அதுவே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் பாதிக்குப் பாதி இறங்க வேண்டும். பூண்டும் வெந்தயமும் அந்த வேலையைச் செய்யும் என்று நம்பி மாத்திரையை விடுவது உயிரோடு விளையாடுவது.

அம்மாமார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில் கணவருக்கு, இன்னொரு சீட்டில் தனக்கு என்று இரண்டோடு வருகிறீர்கள். "அவருக்கு ஒரு மாசத்துக்கும் குடுங்க. எனக்குப் பத்து போதும், கையில காசு வந்ததும் வாங்கிக்கறேன்." காலாவதித் தேதி உள்ள பக்கம் உங்களிடம் இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து அட்டையைக் கத்தரிக்கும்போது எனக்கு மனது கனக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்டிஎல் ஏறுகிறது. அதுவரை இருந்த இயற்கைப் பாதுகாப்பும் குறைகிறது. மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலிக்குப் பதிலாக மூச்சுத்திணறல், தாடைவலி, முதுகுவலி, குமட்டல், காரணமில்லாத வியர்வை, அசதி என்று வருவது பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம். வாயு என்று நினைத்து சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். அப்படி ஏதாவது வந்தால் 108-ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றோடு மூன்றாவதாக அதில் இருப்பது எது தெரியுமா? அட்டோர்வாஸ்டாட்டின். நீங்கள் வேண்டாம் என்று விரலை வைத்துக் காட்டும் அதே மருந்து.

காசு ஒரு காரணம் என்றால் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். கம்பெனிப் பெயரில் விலை கூடுதலான மாத்திரைக்கு அதே மருந்து, அதே அளவில், பல மடங்கு விலை குறைவாகப் பொதுப்பெயரில் கிடைக்கிறது. மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு டீயின் விலைகூட ஆகாது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். என் கடையில் வாங்காமல் அங்கே வாங்கினால் எனக்கு வருத்தம் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பழைய சீட்டையும் கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். ரிப்போர்ட் ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் புதிதாக எடுங்கள். டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தவர்களைத் தவிர மற்றவர்கள் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. வாழ்நாளில் ஒருமுறையாவது லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அது பரம்பரையாக வருவது, பத்தியத்தால் இறங்காதது. உங்கள் அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்காவோ 65 வயதுக்குள் மாரடைப்பைக் கண்டிருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் ரத்தம் பாருங்கள். பதினெட்டு வயதில் முதல் பரிசோதனை என்பது இதயவியல் சங்கத்தின் சொல். பரம்பரைக் கொழுப்பு உள்ள குடும்பம் என்றால் அதற்கும் முன்பே.

பிறகு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். "எனக்கு எல்டிஎல் எவ்வளவு இருக்கணும்? இந்த மாத்திரை எனக்கு ஏன்? வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கும் வேறு பெரிய நோயோடு போராடுகிறவர்களுக்கும் இனி வேண்டாம் என்று அவரே சொல்லவும் கூடும். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், தொடரச் சொன்னால் தொடருங்கள். அதுவரை மூன்றாவது வரியை நீங்களாக அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருந்துக்கடைக்காரன்